இலைக்கு இந்தப் பக்கம்

சமயநல்லூர் கருத்தக்கண்ணன் சாம்பார் ஊற்றினால் ஒரு சொட்டு இலைக்கு வெளியே விழாது. பந்தி முடிந்து மேசைக் காகிதத்தைச் சுருட்டும்போது, அவர் பரிமாறிய வரிசையில் மட்டும் மஞ்சள் கறை இருக்காது என்பதை ஆனையூர், சமயநல்லூர்ப் பக்கத்து மண்டபக்காரர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள்.

அவருடைய அப்பாவுக்கு ஊரின் மேற்கே கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழை பொய்த்த ஒரு வருடம், இளவட்டமாக இருந்த கருத்தக்கண்ணன் கல்யாண வேலைக்குப் போனார். முதலில் தண்ணீர் ஊற்றக் கொடுத்தார்கள். பிறகு உப்பும் ஊறுகாயும். பிறகு கூட்டு, பொரியல். அதற்குப் பிறகுதான் சோறு. சாம்பார் வாளி கைக்கு வரச் சில வருடங்கள் ஆயின. கடைசியில், ஆனையூர் மலைச்சாமி மாஸ்டர் எங்கே சமையல் எடுத்தாலும் பரிமாறும் ஆட்களுக்குத் தலைவராகக் கருத்தக்கண்ணன்தான் போவார் என்று ஆனது. இலையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். இவர் ரசத்துக்குக் காத்திருக்கிறார், அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வேண்டும் ஆனால் கேட்கக் கூச்சப்படுகிறார், அந்தப் பையன் வடையை இலைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறான் என்று நடந்துகொண்டே படித்துவிடுவார்.

தை மாத முகூர்த்தம் ஒன்றில் அவர் ஊற்றிய சாம்பார் இலைக்கு வெளியே போனது. விருந்தாளியின் வேட்டியில் விழுந்தது. விருந்தாளி கோபப்படுவதற்குள், அடுத்த வரிசையில் நின்ற ராம்கி என்ற பரிமாறும் பையன் ரச வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணே, என்னைப் பாருங்கண்ணே. சிரிங்கண்ணே."

"சாம்பார் சிந்திருச்சுடா, சிரிக்கச் சொல்ற" என்று சொல்ல நினைத்தார் கருத்தக்கண்ணன். வாய் ஒரு பக்கமாகக் கோணி, சொல் குழைந்தது. வலது கை வாளியை விட்டது.

ராம்கி யாரையும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த வேனின் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். சீக்கிரம் கொண்டுவந்ததால்தான் பக்கவாதம் இந்த அளவோடு போயிற்று என்று டாக்டர்கள் சொன்னார்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று பிறகு எல்லாரும் ராம்கியைக் கேட்டபோது அவன் சொன்னது இதுதான்: "அண்ணன் ஊத்தி வெளிய போயி நான் பாத்ததே இல்ல. அப்ப இது சாம்பார் சமாச்சாரம் இல்லன்னு தெரிஞ்சு போச்சு."

பேச்சு திரும்பியது. கால் திரும்பியது, சற்று இழுத்து நடந்தாலும் நடந்தார். வலது கை மட்டும் பின்தங்கியது. தோளும் முழங்கையும் சொன்னபடி கேட்டன. விரல்கள் கேட்கவில்லை. மனைவி செல்லத்தாய் முதலில் ஊட்டினாள். பிறகு இடது கையில் ஸ்பூன் கொடுத்தாள். சாப்பிடும்போது அவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார். யாராவது வந்திருந்தால், "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிடுவார். பல நாள் அது பொய்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை தமிழ்ச்செல்வி கீழக்குயில்குடியிலிருந்து வந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டு பெற்ற ஒரே பையன் சூர்யபிரகாஷ். அவனுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள்.

"அண்ணே, வைகாசியில வச்சிருக்கோம். மடி ஒன்னோடதுதான்."

"நம்ம சித்தப்பா மகன் சோலை இருக்கான்ல. அவனும் தாய்மாமன்தானே. அவன் மடியில வச்சுக் குத்திக்க."

"சோலையா? பிள்ளை அழுறதுக்கு முந்தி அவன் மயக்கம் போட்டு விழுவான். கறிக்கடைப் பக்கம் போகவே அவனுக்கு ஆள் துணை வேணும்."

கருத்தக்கண்ணன் சிரிக்கவில்லை. "மடியில உக்கார வைக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல தாயி. அதுக்குப் பின்னால பந்தி இருக்குல்ல."

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. காதுகுத்து விருந்தில் முதல் பந்தி, முதல் இலை தாய்மாமனுக்கு. அவர் சோற்றில் கை வைக்காமல் மற்றவர்கள் வைப்பதில்லை. பந்தலே அந்த ஒரு கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"ஸ்பூன்ல சாப்பிடுண்ணே. யாரு என்ன சொல்லப் போறா?"

"யாரும் சொல்ல மாட்டாக. பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருப்பாக. எம்புட்டுப் பேருக்கு நானே அப்படி இருந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

தமிழ்ச்செல்வி எழுந்து முந்தானையை உதறினாள். "அப்படின்னா ஆவணிக்குத் தள்ளி வைக்கிறேன். ஆவணியிலயும் வரலைன்னா தைக்கு. எம்பிள்ளை மூளிக் காதோட பள்ளிக்கூடம் போகட்டும். கிடாவும் கூடச் சேந்து வளரட்டும்."

சொன்னால் செய்பவள். அண்ணனுக்காகத் தள்ளி வைத்துவிட்டு, அதற்காக எல்லாரிடமும் பேச்சு வாங்கிக்கொள்வாள் என்பது அவருக்குத் தெரியும். அன்று முதல் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றாக ஆயிற்று. வைகாசிக்குள் அந்தக் கை ஒரு வாய்ச் சோற்றை எடுத்து வாயில் வைக்க வேண்டும்.

சமயநல்லூர் மெயின்ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் திவ்யா என்ற பெண் பிசியோதெரபி செய்துவந்தாள். அப்பா வயதுள்ள நோயாளிகளை அப்பா என்றே கூப்பிடுவாள். ஆனால் வேலை வாங்குவதில் இரக்கமே கிடையாது. பந்தை அமுக்கு, துணிக் கிளிப்பைப் பிடி, டப்பா மூடியைத் திருகு என்று போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் புதிதாக ஒன்று சொன்னாள்.

"செய்யறதுக்கு முன்னாடி, கண்ணை மூடிக்கிட்டு மனசுல ஒருதடவை செஞ்சு பாருங்கப்பா. கை எப்படிப் போகுது, விரல் எப்படி மடங்குதுன்னு அப்படியே படம் மாதிரி. மூளைக்கு அதுவும் பயிற்சிதான். ஆனா அதோட விட்டுறக் கூடாது. உடனே நெசமாவும் செய்யணும்."

"எதை நெனச்சுப் பாக்க?"

"உங்களுக்கு எது வேணும்?"

"சோறு திங்கணும், தாயி."

"அப்ப அதையே பாருங்க."

கிளிப்பும் மூடியும் மனத்தில் ஒழுங்காகவே வந்தன. நினைத்தால் கை போகும், பிடிக்கும், திருகும். சோறு மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது.

கண்ணை மூடியதும் இலை வந்துவிடும். அதில் குறையே இல்லை. தண்ணீர் தெளித்த பச்சை இலை, நரம்பு தெரியும்படி அவ்வளவு தெளிவாக வரும். சோறு வரும், ஆவி பறக்கும். ஒரு கை வந்து பிசையும். உருண்டை பிடிக்கும். பிடித்ததும் அந்தக் கை அவரிடம் வராமல் எதிர்ப்பக்கமாகப் போய்விடும். இங்கே வா என்று இழுத்துப் பார்ப்பார். வராது. மறுநாள் பார்த்தால் அந்தக் கையில் கல் வைத்த மோதிரம் மூன்று இருக்கும். அதற்கு மறுநாள் ரோமம் அடர்ந்த மணிக்கட்டில் தங்க நிறத்துக் கடிகாரம். கருத்தக்கண்ணன் வாழ்நாளில் கடிகாரம் கட்டியதில்லை. ஒரு நாள் சின்னஞ்சிறு கை ஒன்று வந்து அப்பளத்தை நொறுக்கிச் சோறு முழுக்க இறைத்துவிட்டுப் போயிற்று. இன்னொரு நாள் ஒரு கை இலையையே ஓங்கி அறைந்தது. அடக்க அடக்க அட்டகாசம் கூடியது. அவர் வாயைத் திறந்தபடி காத்திருப்பார். உருண்டை வரவே வராது.

செல்லத்தாய் ஒரு தரம் அதைப் பார்த்துவிட்டாள். "ஏங்க, பல்லு ஏதும் வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன எதுக்குக் கண்ணை மூடிக்கிட்டு வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கீக? ஈ போயிறப் போகுது."

அவர் வாயை மூடிக்கொண்டார். சொல்ல முடியாத பயம் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. கை போனதுபோல் புத்தியும் போய்விட்டதோ? இல்லாவிட்டால் தன் மனத்தில் ஊரான் கை எப்படி வரும்? திவ்யா ஒவ்வொரு முறை கேட்கும்போதும், "நல்லா ஓடுது தாயி" என்றே சொல்லிவந்தார்.

நிஜமான கைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. மற்ற வேலைகளில் விரல் முன்னேறியது. ஒரு கிண்ணத்தில் பொரியைக் கொடுத்து எடுத்துச் சாப்பிடச் சொன்னால் கை பாதியில் வழி தெரியாததுபோல் நின்றது. பங்குனி கழிந்து சித்திரையும் பிறந்துவிட்டது.

ஒரு காலையில் திவ்யா நாற்காலியை இழுத்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். "அப்பா, இன்னைக்குப் பயிற்சி வேண்டாம். மனசுல என்ன தெரியுதுன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. நல்லா ஓடுதுன்னு மட்டும் சொல்லக் கூடாது."

கொஞ்ச நேரம் மழுப்பிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மோதிரம், கடிகாரம், அப்பளம், அறை. சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "புத்தி பேதலிச்சுப் போச்சா தாயி?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லப்பா. மனசுல படம் ஓட்டச் சொன்னா பாதிப்பேருக்கு மேல படம் கோணலாத்தான் போகும். என்ன கோணல்னு பாக்கலாம். இலையில என்னென்ன இருக்கு? ஓரத்துல இருந்து சொல்லுங்க."

இது அவர் தொழில். கண்ணை மூடியதும் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. "உப்பு, வலது ஓரம். அதுக்குப் பக்கத்துல ஊறுகாய். அப்படியே இடது பக்கமா வந்தா பச்சடி, கூட்டு, பொரியல்…"

சற்றுத் தள்ளி, தரையில் காகிதம் விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த செல்லத்தாய் கையை நிறுத்தினாள். வீட்டில் மிச்சமிருக்கும் வேலையைக் கையோடு கொண்டுவருவது அவள் பழக்கம்.

"என்னது, உப்பு வலது ஓரமா?"

"ஆமா."

"எழவு வீட்டுல கூட இப்படி இலை போட மாட்டாகளே! உப்பை இடது ஓரம் வைக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்ற ஆளு, ஒங்களுக்குன்னு வரும்போது தப்பா வச்சுக்கிட்டீகளா? நுனி எந்தப் பக்கம் இருக்கு?"

"நுனியும் வலது பக்கந்தான்."

"நல்லாருக்கு. தலைகீழா இலையைப் போட்டுட்டுச் சோறு வாய்க்கு வரலையாம்ல."

கருத்தக்கண்ணன் கண்ணைத் திறந்தார். அவருடைய பரிமாறல் வாழ்க்கையில் இலையைத் திருப்பிப் போட்டதாக யாரும் சொன்னதில்லை. "இலை சரியாத்தான் இருக்கு செல்லம். நுனி சாப்பிடுறவனுக்கு இடது கைப்பக்கந்தான் இருக்கு. எனக்குத்தான்…"

சொல்லிக்கொண்டே வந்தவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

திவ்யாவுக்குப் புரிந்துவிட்டது. "சோறு இலையில எங்க இருக்குப்பா? உங்களுக்குக் கிட்டவா, தள்ளியா?"

"தள்ளி."

"நீங்க உக்காந்திருக்கீங்களா, நிக்கிறீங்களா?"

அவர் மறுபடி கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நிக்கிறேன் தாயி. கையில வாளி இருக்கு."

செல்லத்தாய் ஒரு கைப்பிடிக் கீரையோடு எழுந்து நின்றாள். திவ்யாதான் முதலில் பேசினாள்.

"அப்ப அந்தக் கை உங்க கையே இல்லப்பா. எதிர்ல உக்காந்து சாப்பிடுறவங்க கை. இத்தனை வருசமா நீங்க பாத்த கைங்கதான் ஒவ்வொண்ணா வருது. அவங்க கை அவங்க வாய்க்குத்தானே போகும்? உங்க புத்திக்கு ஒண்ணும் ஆகல. பாத்ததைப் பாத்தபடி காட்டுது. நானும் கை எப்படி இருக்கு, விரல் எப்படி இருக்குன்னே கேட்டுட்டு இருந்தேன். நீங்க எங்க இருக்கீங்கன்னு கேக்கணும்னு தோணவே இல்ல. உப்பு எங்க இருக்குன்னு அம்மா கேட்டாங்க பாருங்க, அதுல வெளிச்சம் வந்துச்சு."

"இவ வீட்டுலயும் அதைத்தான் கேப்பா" என்றார் கருத்தக்கண்ணன். அன்றுதான் பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தார். புத்தி இருக்கிறது என்ற நிம்மதியே அவருக்குக் கை திரும்பியது போல இருந்தது.

"இப்ப சுத்தி இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றாள் திவ்யா.

சொல்வது சுலபம். மனத்திலும் அவர் வரிசையின் நடுவே புகுந்து போகிற ஆள் இல்லை. மேசைகளின் கடைசி வரை நடந்து, திரும்பி, நாற்காலிகளின் பின்னால் நடந்து வந்து, இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். நுனி இடது பக்கம் வந்தது. உப்பு இடது பக்கம் வந்தது. சோறு அவருக்குக் கிட்டே வந்தது. இந்தப் பக்கத்திலிருந்து இலை இவ்வளவு பெரியதாகத் தெரியும் என்பதே அவருக்குப் புதுசு. பரிமாறுகிறவர்கள் கடைசியில், சமையல் கொட்டகை ஓரத்தில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர்கள். இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட நாள்கள் அவருக்கு அதிகமில்லை.

கையை இலைப் பக்கம் கொண்டு போனார். அப்போது வரிசையில் எங்கோ ஒரு குரல் கேட்டது. "சாம்பார்!"

கருத்தக்கண்ணன் எழுந்துவிட்டார். மறுபடி வாளியோடு அந்தப் பக்கம் நின்றார்.

மறுநாளும் அதுவே. உட்காருவார், ரசம் என்று ஒருவன் கத்துவான், எழுந்துவிடுவார். அதற்கும் மறுநாள் ஒரு பாட்டி மோர் கேட்டாள். திவ்யா சொல்லிப் பார்த்தாள்: "அப்பா, நீங்க இன்னைக்கு லீவு." லீவு என்றால் அவருக்கு என்னவென்று தெரியாது.

அந்த வாரம் ராம்கி வழக்கம்போல் அவரைப் பார்க்க வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், வேலை இல்லாத நாளெல்லாம் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடப்பது அவன் ஏற்றுக்கொண்ட கடமை. செல்லத்தாய் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏண்ணே, மனசுக்குள்ளயும் எங்களை நம்ப மாட்டீகளா? நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்?"

"நீ ரசத்தை ஊத்துற அழகு எனக்குத் தெரியாதாடா?"

"அதை நெசத்துல திட்டுங்க. உள்ளுக்குள்ள வேலை செய்யும்போது நான் நல்லாத்தான் செய்வேன். அடுத்த வாட்டி எவனாச்சும் சாம்பார்னு கத்துனா, உக்காந்த எடத்துல இருந்தே 'ராம்கி வாரான்'னு சொல்லுங்க. நான் வந்துர்றேன்."

வேடிக்கைக்குத்தான் சொன்னான். மறுநாள் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தபோது குரல் வந்ததும், கருத்தக்கண்ணன் மனத்துக்குள், "ராம்கி வாரான்" என்றார். ராம்கி வந்தான். இடது தோளில் துண்டு, கையில் வாளி. குனிந்து, ஒரு சொட்டு வெளியே போகாமல் ஊற்றினான். கருத்தக்கண்ணன் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை மெதுவாக, ஆனால் ஒழுங்காக நடந்தது. சோற்றுக்கு அவசரப்பட வேண்டாம் என்று திவ்யா சொல்லிவிட்டாள். சாப்பிடுகிறவன் முதலில் செய்வது என்ன? தண்ணீர் தெளித்து இலையைத் துடைப்பது. உள்ளங்கையை விரித்து இலைமேல் ஓட்டுவது மட்டும்தான். விரல் மடக்க வேண்டியதில்லை. சில நாள் அதை மட்டும் மனத்தில் பார்த்தார்; பார்த்த உடனே நிஜமான இலையில் செய்தார். கொல்லை வாழையில் இலை கேட்கும்போதெல்லாம் செல்லத்தாய் அறுத்துக் கொடுத்தாள். பிறகு உப்பைத் தொடுவது. பிறகு சோற்றில் விரல் நுழைப்பது. நடுவில் படம் பழையபடி கெட்டுப்போகும். மோதிரக்கை ஒன்று எட்டிப் பார்க்கும். முன்பெல்லாம் அதோடு மல்லுக்கு நிற்பார். இப்போது திவ்யா சொல்லிக் கொடுத்தபடி, துரத்துவதை விட்டுவிட்டார். நிறுத்துவார். கண்ணைத் திறந்து தன் கையைப் பார்ப்பார். கல் மோதிரம் இல்லாத, கரண்டிப் பிடி காய்த்த தன் கை. பிறகு கடைசியாக ஒழுங்காக இருந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவார். வந்த கைகளின்மேல் கோபமும் போய்விட்டது. அவை எல்லாம் அவர் பரிமாறிச் சாப்பிட்ட கைகள்தானே.

தயிர்ச் சோற்றில்தான் முதல் வாய் ஏறியது. அதற்கு முன் சிந்தியதை எல்லாம் வீட்டுக் கோழிகள் பார்த்துக்கொண்டன. அந்தச் சித்திரையில் அவை நன்றாகக் கொழுத்தன. கை பழையபடி ஆகிவிடவில்லை. கட்டைவிரல் அழுத்தவில்லை. நான்கு விரலையும் சேர்த்து அள்ளி, தலையைக் கொஞ்சம் கீழே கொண்டுபோனால் வாய்க்குப் போயிற்று.

"குனிய வேண்டியிருக்கே தாயி."

"குனிஞ்சா என்னப்பா? சாப்பாட்டுக்கு முன்னாடி குனியறது மரியாதைதானே" என்றாள் திவ்யா. அந்தப் பெண் போகிற போக்கில் சொன்னது அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து செல்லத்தாயிடம் சொன்னார். ராம்கியிடம் சொன்னார். இரண்டாம் தடவையும் சொன்னார்.

சித்திரைக் கடைசியில் தங்கைக்குப் போன் போட்டார். "வைகாசியிலயே வச்சுக்க."

அந்தப் பக்கம் தமிழ்ச்செல்வி தன் வீட்டுக்காரர் பாண்டியராஜனைப் பார்த்துக் கத்துவது கேட்டது. "ஏங்க, கிடா தப்பிக்கலைங்க! எங்கண்ணன் வருது!"

கீழக்குயில்குடியில் பாண்டியராஜன் வீட்டு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல். மலைச்சாமி மாஸ்டர் தன் ஆட்களோடு முதல் நாளே வந்து அடுப்பு மூட்டியிருந்தார். "எங்க கண்ணன் உக்காந்து சாப்பிடுற பந்திக்கு வேற எவன் சமைப்பான்?" என்று சொல்லிக் கேட்காமலே வந்தவர். காலையில் மலையடிவாரத்துக் கோயிலில் சூர்யபிரகாஷுக்கு மொட்டை போட்டு, மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். இடது கையால் அவனை அணைத்து, வலது கையை அவன் முழங்காலுக்கு மேல் குறுக்கே வைத்துக்கொண்டார் கருத்தக்கண்ணன். பையன் உதைத்த உதையில் அவர் வேட்டி அழுக்கானது. ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தபோது, சோலை கோயில் மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்.

"குத்தியாச்சா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"குத்தியாச்சு. ஒனக்கும் குத்தணுமா?" என்றாள் தமிழ்ச்செல்வி.

பிறகு பந்தி. முதல் இலை. இருபுறமும் சம்பந்தக்காரர்கள். ராம்கி எதிரில் வந்து நின்று இலை போட்டான். நுனி இடது பக்கம். அவன் முகத்தை இப்படி உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பது கருத்தக்கண்ணனுக்கு முதல் தடவை. அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. திட்டு வாங்குவதற்குத் தயாராக இருப்பவன்போலப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அவர் தண்ணீர் தெளித்தார். உள்ளங்கையை விரித்து இலையைத் துடைத்தார். உப்பு வந்தது, சோறு வந்தது, கறிக்குழம்பு வந்தது. வரிசை முழுக்கக் கைகள் மடியிலேயே காத்திருந்தன.

எங்கோ கடைசியில் காது மந்தமான ஒரு பெரியவர் எதையும் கவனிக்காமல், "குழம்பு!" என்று சத்தம் போட்டார்.

கருத்தக்கண்ணனின் முழங்கால் ஒரு கணம் விறைத்தது. "ராம்கி வாரான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பந்தியில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ராம்கிக்கும், பின்னால் விசிறியோடு நின்ற செல்லத்தாய்க்கும் மட்டும் சிரிப்பு அடங்கவில்லை.

நான்கு விரலையும் சேர்த்து அள்ளினார். குனிந்தார். முதல் வாயில் பாதி இலையிலேயே விழுந்தது. பாதி வாய்க்குள் போயிற்று. அதுவே போதுமாக இருந்தது. வரிசை முழுக்கக் கைகள் சோற்றில் இறங்கின. இரண்டாம் வாய் முழுசாகப் போயிற்று. அதன் பிறகு அவர் நிமிர்ந்து பார்த்தபோது ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருக்கவும் இல்லை. எல்லாரும் எலும்பைக் கடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். பசியோடு உட்கார்ந்தவனுக்குத் தன் இலைதான் கண்ணுக்குத் தெரியும் என்பதை இலைக்கு அந்தப் பக்கம் நின்ற காலத்தில் அவர் கவனிக்கத் தவறியிருந்தார்.

ரசம் சாப்பிட்டார். மோர் ஊற்றிச் சாப்பிட்டார். செல்லத்தாய் விசிறினாள். இந்தக் கையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் எதிரில் நிற்கிறான், இதற்கு வழி சொன்னவள் சமயநல்லூரில் இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள், உப்பு எங்கே என்று கேட்டவள் பின்னால் நிற்கிறாள் என்று ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டே கடைசிப் பருக்கை வரை மெதுவாகச் சாப்பிட்டார்.

பக்கத்தில் எல்லாரும் எழுந்துகொண்டிருந்தார்கள். ராம்கி இலை எடுக்கும் வாளியோடு காத்திருந்தான். அவர் மனத்தில் ஓட்டிப் பார்த்த படம் எப்போதும் கடைசி வாய்ச் சோற்றோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஒன்று இருப்பதாக அவருக்கும் தோன்றியதில்லை, திவ்யாவும் கேட்டதில்லை. அவர் எதையும் நினைப்பதற்குள் வலது கை தானாக எழுந்து போய், இலையின் மேல் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கமாக மடித்துப் போட்டது. அதன்மேல் ஒரு தரம் அழுத்தியும் வைத்தது. எத்தனையோ ஆயிரம் இலைகள் மடிவதை அவர் பார்த்திருக்கிறார். எல்லாம் அவரை விட்டு விலகி, அந்தப் பக்கமாக மடிந்த இலைகள்.

ராம்கி இலையை எடுக்கவில்லை. "போதுமாண்ணே?"

"நெறஞ்சு போச்சுடா" என்றார் கருத்தக்கண்ணன். "மாஸ்டர்ட்ட சொல்லு. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."